கொண்டைக்கிளிக்கு ஓமத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிட்லபாக்கத்தில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு காக்கட்டூ என்கிற அந்தக் கொண்டைக்கிளி வந்தது. என்னோடு வேலை பார்த்தவர் குடும்பத்துடன் வெளிநாடு கிளம்பினார். கொண்டுபோக முடியாதவற்றில் வாஷிங் மெஷினை அவருடைய தங்கை எடுத்துக்கொண்டார், பறவையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். உடம்பு முழுக்க வெள்ளை. கோபமோ சந்தோஷமோ வந்தால் தலையில் மஞ்சள் கொண்டை விசிறி மாதிரி விரியும்.

மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். நான் அலுவலகம் போய்விட்டால் வீட்டில் என் மனைவி மட்டும்தான். அந்த வாரமே அவள் அதற்குக் கையால் ஊட்ட ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வீட்டில் யார் மேல் பிரியம் வந்தாலும் முதலில் நடப்பது அதுதான். பருப்பு சாதத்தைக் குழையக் குழைய மசித்து, உப்பில்லாமல், சுண்டைக்காய் அளவில் உருட்டிக் கொடுப்பாள். இன்னொரு கை அதன் முதுகை நீவிக்கொண்டே இருக்கும். அதுவும் கண்ணைச் செருகிக்கொண்டு சொக்கிப்போய் நிற்கும். பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

நவராத்திரியின்போது முதல் கடி விழுந்தது. சோபாவில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பறந்து வந்து என் தோளில் இறங்கி, காது மடலைக் கவ்வியது. தையல் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாலே கொண்டையைத் தூக்கிக்கொண்டு வரும். கொலு பார்க்க வந்திருந்த என் மைத்துனன் சிரித்துச் சிரித்து மாய்ந்துபோனான்.

“மாமா, உங்களுக்கு ஒரு சக்களத்தன் வந்துட்டான். இனிமே நீங்க கீழ பாய்தான்.”

நாங்களும் சிரித்தோம். தீபாவளிக்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அது கத்துவதைக் கேட்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. விடிந்ததும் ஒரு முறை, விளக்கேற்றும் நேரத்தில் ஒரு முறை என்றிருந்தது, பிறகு மனைவி கண்ணில் படாத நேரமெல்லாம் என்று ஆனது. அவள் குளிக்கப் போனால் கத்தும். மகளோடு போனில் பேசினால் கத்தும். கதவு நிலையைக் கொத்திச் சிராய் சிராயாக உரித்துப் போட்டிருந்தது. அதை விட்டு அவள் நகர முடியாததால், உறவில் ஒரு கல்யாணத்துக்கு நான் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன்.

கீழ் வீட்டுக்காரர் நல்ல மனிதர். படியில் மடக்கினார்.

“சார், நாங்க அலாரமே வைக்கிறதில்ல, உங்க ஆளு இருக்காரு. ஆனா என் பையன் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து படுக்கறதே அப்பதான். அசோசியேஷன்ல வேற பேச ஆரம்பிச்சுட்டாங்க. கொஞ்சம் பாருங்க சார்.”

என்ன பார்ப்பது? காக்கட்டூ பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். நல்லபடியாக வளர்த்தால் ஐம்பது வருடத்துக்கு மேலும் இருக்குமாம். எனக்கே ஐம்பது தாண்டிவிட்டது. அன்று படித்ததில் மனதில் நின்றது அது ஒன்றுதான்.

மார்கழியில் புதிதாக ஒன்று தொடங்கியது. தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி, தின்றதையெல்லாம் மனைவியின் உள்ளங்கையில் கக்கியது. அஜீரணம் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். ஓமத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் ஃபில்லரில் புகட்டினாள். சாதத்தை இன்னும் குழைத்தாள். பாவம், வயிறு வலிக்குமே என்று முன்பைவிட அதிக நேரம் மடியில் வைத்துத் தடவினாள். அது இன்னும் அதிகமாகக் கக்கியது. அந்த நாட்களில்தான் தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கவும் ஆரம்பித்தது. மின்விசிறியைப் போட்டால் ஹால் முழுக்க வெள்ளையாகப் பறக்கும்.

தாம்பரத்தில் பறவைகளைப் பார்க்கும் ஒரு பெண் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மனைவி ஓமத் தண்ணீர் வரை ஒன்று விடாமல் சொன்னாள். மருத்துவர் சிரிக்கவில்லை.

“அது வாந்தி இல்லம்மா. அது உங்களுக்கு ஊட்டுது.”

எங்களுக்குப் புரியவில்லை.

“நீங்க உங்கள அதுக்கு அம்மான்னு நினைச்சுட்டு இருக்கீங்க. அது உங்கள ஜோடின்னு நினைக்குது. வாயில ஊட்டுறது, முதுகைத் தடவுறது, இதெல்லாம் அதுங்க ஜோடிக்குள்ள செய்யறது. நீங்க தினம் ஆசை காட்டுறீங்க, அதுக்கு மேல ஒண்ணும் நடக்கல. அந்த ஏக்கத்துலதான் பிச்சுக்குது. ஊட்டுறத நிறுத்திடுங்க.”

“ஊட்டாம எப்படி டாக்டர் வளக்கறது?” என்றாள் என் மனைவி.

நிறுத்தினோம். கூண்டுக்குள் கிண்ணத்தில் தானியமும் காயும் வைத்துவிட்டு அவள் அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வாள். அது கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, அவள் இருக்கும் திசையைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். அவள் வரவில்லை என்றதும் பிடுங்கும். பொங்கல் முடிவதற்குள் நெஞ்சில் இறகே இல்லை. வெறும் தோலில் ரத்தம் கசிந்தது. பிடுங்காமலிருக்க மருத்துவர் கழுத்தில் மாட்டிவிட்ட பட்டையையும் கடித்துப் பிய்த்தது. இப்படியே போனால் புண்ணில் சீழ் வைத்து உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அவர் சொல்லித்தான் கேளம்பாக்கம் போனோம். ஒரு ஐ.டி.காரர் வீட்டுக்குப் பின்னால் பெரிய வலைக்கூடம் கட்டி, இப்படிக் கெட்டுப்போன பறவைகளை வைத்திருக்கிறார். அங்கே இன்னும் சில காக்கட்டூகள் இருந்தன. விட்டுவிட்டு வந்தோம்.

பங்குனியில் பார்க்கப் போனபோது அதன் நெஞ்சில் பஞ்சு மாதிரி புது இறகு முளைத்திருந்தது. வேறொரு காக்கட்டூவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மனைவி அதைக் கூப்பிடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஆனாலும் அது பார்த்துவிட்டது. கொண்டை விரிய, வலையைப் பற்றிக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக இறங்கி வந்து தலையை ஆட்டத் தொடங்கியது. கம்பியின் இடுக்கு வழியாக, தின்றதைக் கொண்டுவந்து நீட்டியது. அவள் கையை அவிழ்க்கவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஐ.டி.காரர் போன் செய்தார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேடம் வந்துட்டுப் போனதுலேர்ந்து அது சரியா சாப்பிடல. திரும்ப பிச்சுக்க ஆரம்பிச்சிருக்கு. மேடம் இனிமே வர வேணாமே.”

இப்போது எப்போதாவது நான் மட்டும் உள்ளே போகிறேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இறகு அடர்த்தியாக வந்துவிட்டது. தெருமுனையில், அதன் கண்ணில் படாத இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி, மனைவி அதிலேயே உட்கார்ந்திருப்பாள். “நல்லா இருக்கா?” என்பாள். “நல்லா இருக்கு” என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. தள்ளி நிற்பதைத் தவிர அதற்கு நாம் செய்யக்கூடிய நல்லது வேறில்லை என்பது எனக்குப் புரிந்து வெகு நாளாகிறது, ஆனால் ஒரு வாய்ச் சோறு ஊட்டியதைத் தவிர வேறு எதுவும் செய்யாதவளிடம் அதை ஆறுதலாகச் சொல்லும் விதம்தான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.