போண்டா கை கொடுத்த மாலை

பூனைக்குப் பாடம் எடுக்கும் அளவுக்கு எனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் நானே சொன்ன பேச்சு கேட்காதவள். மண்ணூர்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டுக்குள் தானாக நுழைந்த குட்டிக்கு நான் போண்டா என்று பெயர் வைத்த மறுநாளே, அம்மா கெடு வைத்துவிட்டார்.

“ரெண்டு வாரம்தான். உக்காருன்னா அது உக்காரணும். இல்லன்னா மீன் மார்க்கெட்டாண்ட வுட்டுட்டு வந்துருவேன்.”

அம்மாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் தைக்கும் வேலை. கெடு வைக்காமல் அவருக்குப் பேசவே வராது.

தினமும் பள்ளி விட்டு வந்ததும் பிஸ்கட்டைக் காட்டி “உக்காரு” என்பேன். போண்டா அதை முகர்ந்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கும். முதுகை அமுக்கி உட்கார வைத்தால், கையை எடுத்ததும் எழுந்து போய்விடும். எதிர்வீட்டு அக்கா, “நீ அதுக்குக் கத்துக் குடுக்குறியா, அது ஒனக்கா?” என்று கேட்டுச் சிரித்தபோது பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

அப்பா மட்டும் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அம்மா கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸோடு காலை ஏழு மணிக்குக் கிளம்புவார். பிறகு நாங்கள் இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவோம். மாலை ஆறு மணிக்கு அவர் காலி டப்பாவோடு திரும்புவார்.

கெடு முடிந்த சனிக்கிழமை மாலை அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பத்து முறை “உக்காரு” என்றேன். போண்டா கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அம்மா கட்டைப்பையை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். டிபன் பாக்ஸைத் தரையில் வைத்து, ஏதோ நினைப்பில் மூடியை விரலால் இரண்டு தட்டு தட்டினார். போண்டா பாய்ந்து வந்து அவர் எதிரே சமர்த்தாக உட்கார்ந்து, வலது முன்காலைத் தூக்கிக் கை கொடுத்தது.

நான் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை. டப்பாவைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார்.

“டப்பா காலியாத்தான ஊட்டுக்கு வருது. அதுல சோறு கீதுன்னு இதுக்கு எப்டியா தெரியும்?”

அப்பா குனிந்தே இருந்தார். பிடித்த காலை விடவில்லை.

“எத்தினி நாளா பகல்ல ஊட்ல கீற?”

“ஒரு மாசம் ஆவுது.”

எனக்கு அப்பா மேல் பொறாமையாக இருந்தது. ஒரு மாதம் லீவு போட்டிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! அம்மா பையை மெதுவாக மடித்து வைத்தார்.

“இருந்துட்டுப் போவட்டும்,” என்றார். நான் ஜெயித்துவிட்டேன்.

பட்டறையை மூடிவிட்டார்கள் என்பதும், நாங்கள் கிளம்பும்வரை அப்பா தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு வீடு திரும்பி, தனியாகச் சாப்பிட மனமில்லாமல் அந்தக் குட்டியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, நான் பள்ளி விட்டு வருவதற்குள் மறுபடி வெளியே போனார் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை அம்மா டிபன் கட்டவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அப்பா லுங்கியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டப்பா சும்மா கிடந்தது. பாடம் நடத்த அம்மா அதை எனக்கே கொடுத்துவிட்டார் என்று நினைத்து, அப்பாவின் காதருகிலேயே அதைச் சந்தோஷமாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.