பிரேக்கில் கால் வைத்த அண்ணி

எங்கள் அண்ணி மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் அவர் கைச்சோறு உண்டவர்கள்; அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும்தான். அவருடைய நாத்தனாராகிய நான் இரண்டையும் பெற்றவள்.

வல்லத்தில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பயிர் செய்த குடும்பத்தில் பிறந்தவர் அண்ணி. சிறு வயதிலேயே தாயை இழந்து, தம்பிமாரை வளர்த்து ஆளாக்கிவிட்டுத்தான் செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அண்ணன் அப்போது பழைய பிளஷர் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அடுப்பெரிந்தது அந்த வண்டியால்தான்.

அறுபதுகளில் ஓர் ஆண்டு, வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று கொடுக்கும் எப்.சி. சான்றிதழுக்காக அண்ணன் திண்டிவனம் போனார். பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக் சரியில்லை, தரைத் தகடும் இற்றுப்போயிருக்கிறது, அடுத்த வாரம் சரிசெய்து கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார். பிரேக்கைப் பற்றி அண்ணி முன்பே சொல்லியிருந்தார். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கடுப்போடு வீட்டுக்கு வந்தவர், "அடுத்த தபாவும் பாஸாவலன்னா வண்டிய வித்துட்டு மெட்ராஸ்ல டிரைவரா பூடுவேன். நீ இங்கயே கெட" என்று கத்தினார்.

அண்ணிக்கு அந்தச் சொல் சுட்டுவிட்டது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த என்னிடம் மட்டும், "அவரு பூட்டா இந்த வூட்ல எனக்கு இன்னா இருக்குது?" என்று கண்கலங்கினார். அண்ணனிடம் பேச்சை நிறுத்தினாரே தவிர வேலையை நிறுத்தவில்லை. எண்ணெய் டின்னை வெட்டி அண்ணன் தரைக்கு ஒட்டுப்போட, கிழிந்த சீட்டை அண்ணி கோணி ஊசியால் தைத்தார். நடுவில் தூது போனவள் நான். "சுத்தி எங்கன்னு கேளு." "ஜன்னல்ல இருக்குதுன்னு சொல்லு." மூவரும் அந்த ஒரே வண்டியைச் சுற்றித்தான் நின்றுகொண்டிருந்தோம்!

பிரேக்குக்குத் தூது உதவவில்லை. குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்ற, ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துத் திருகாணியைத் தளர்த்த வேண்டும். இன்னொருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். நான் நிறைமாதக் கர்ப்பிணி. ஆகவே டிரைவர் சீட்டில் அண்ணி ஏறி உட்கார்ந்தார். அடியிலிருந்து "அமுக்கு... வுடு" என்று குரல் வரும். அண்ணி வாய் திறக்காமல் அமுக்குவார், விடுவார். கடைசியில் அண்ணன், "எறங்கு. இன்ஸ்பெக்டருக்கு இது போதும்" என்றார்.

அண்ணி இறங்கவில்லை. "கால வெச்சிருந்தா பிரேக்கு உள்ள எறங்கிக்கினே போவுது" என்றார். அத்தனை நாளில் அவர் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அது. "அவரு ஒரு தபா அமுக்கிப் பாத்துட்டு பூடுவாரு. நீங்க தெனமும் அமுக்கணுங்க."

அண்ணன் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். பிறகு எழுந்து சக்கரங்களைக் கழற்றினார். பின்சக்கரம் ஒன்றில் ரப்பர் வாஷர் கிழிந்து ஆயில் கசிந்துகொண்டிருந்தது. பஸ் ஏறி விழுப்புரம் போய்ப் புதிது வாங்கிவந்து மாட்டினார். மறுபடியும் "அமுக்கு, வுடு" ஆரம்பமாயிற்று. இந்த முறை அண்ணி, "அமுக்கிட்டேன்", "வுட்டுட்டேன்" என்று பதில் சொன்னார். என் தூது உத்தியோகம் அத்துடன் போயிற்று.

எப்.சி. கிடைத்தது. அண்ணன் மெட்ராசுக்குப் போகவில்லை. வலி கண்ட என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்த வண்டிதான்.

பிறகு அண்ணி பிள்ளைகளைப் படிக்கவைத்தார். படுக்கையில் விழுந்த எங்கள் தாயாரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டார். கோபம் உண்டு, மனதில் சூது கிடையாது. கடைசிவரை நடமாட்டத்தோடு இருந்தவர், சில நாள் காய்ச்சலில் படுத்து, தூக்கத்திலேயே அடங்கினார். பார்த்த மருத்துவருக்கும், உடனிருந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

அண்ணனையும் இம்மலரில் ஏதாவது எழுதச் சொன்னேன். மாட்டேன் என்று தலையசைத்தார். பிறகு அவரே சொன்னார்:

"மெட்ராஸ் போறேன்னு சொன்னதுக்கே அத்தினி நாளு பேசாம இருந்தா. இப்ப அவ மட்டும் சொல்லாம கொள்ளாம பூட்டாளே, நான் யாருகிட்ட கோச்சிக்கிறது?"