தற்காலிகத் தேவை

அந்த மரப் பெஞ்சை நான் முதலில் பார்த்தபோது அதில் ஒரு பெண் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாராவியில் தோல் பட்டறைகள் முடிந்து தமிழ்க் குடும்பங்களின் சந்து தொடங்கும் இடத்தில் மாநகராட்சியின் சிறிய சுகாதார மையம் ஒன்று உண்டு. இரண்டே அறைகள், வாசலுக்கு வெளியே அந்தப் பெஞ்சு. நான் வேலை பார்த்த வார்டு ஆபீசிலிருந்து, ஏதோ ஒரு காகிதம் வாங்கிப்போக அங்கே வந்திருந்தேன். உள்ளே தாய்மார்கள் குழந்தைகளோடு நெருக்கியடித்து நின்றார்கள். வேறு மையத்திலிருந்து அன்றைக்கு மட்டும் அனுப்பியிருந்த ஒரு நர்ஸ், யார் முதலில் வந்தது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்தவர் எழுந்து போகவில்லை. வாசற்படியைத் தாண்டவும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே, "பச்சச் சேல கட்டியிருக்கவ பிள்ளைக்குப் போன வாரம் காச்சல் கேட்டியா, விசாரிச்சுட்டு ஊசி போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் யார் என்று கேட்டேன். "நாந்தான் இங்க சிஸ்டரு, மேடம். இன்னைக்கு ஒரு நாளு மட்டும் எனக்கு வேல கெடையாது" என்றார்.

அவர் ஒப்பந்த ஊழியர். எங்கள் வழக்கத்தில் ஒப்பந்த ஊழியருக்கு ஆண்டுக்கு ஒரு நாள் 'பிரேக்' கொடுக்க வேண்டும். அன்று அவருக்கு வேலை கிடையாது. மறுநாள் புதிதாக ஓர் ஆணை, புதிதாக ஒரு வேலை. இடைவெளி இல்லாமல் உழைத்தேன், என்னை நிரந்தரமாக்குங்கள் என்று யாரும் பின்னால் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக யாரோ கண்டுபிடித்த ஏற்பாடு. மற்றவர்கள் அந்த நாளில் துணி துவைப்பார்கள், செம்பூரில் அக்கா வீட்டுக்குப் போவார்கள். சிஸ்டர் மட்டும் பெஞ்சுக்கு வந்துவிடுவார். ஊசியைத் தொட்டால் குற்றம், ஆனால் வாயைத் திறந்தால் குற்றம் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லையே.

எனக்கு அப்படி ஒரு நாள் வாழ்க்கையில் வந்ததே இல்லை. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் வேலையே பார்த்துப் பழகிய பாலக்காட்டுக் குடும்பம் எங்களுடையது. படிப்பு முடிந்த சூட்டோடு பரீட்சை எழுதி வார்டு ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து நிரந்தரம். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி என்றாலும் எழுத்தில் என் மராத்தி கொஞ்சம் பேர் போனது. சர்க்கார் மராத்தி என்று ஒன்று உண்டு. அதை மராத்திக்காரர்களே தடுமாறித்தான் எழுதுவார்கள். எங்கள் மருத்துவ அதிகாரியை எல்லோரும் சாஹேப் என்போம். அவர் சொந்த மொழியில் எழுதிய கடிதத்தைக்கூட என்னிடம் தள்ளிவிட்டு, "மேடம், ஒரு தடவை கையை வையுங்கள்" என்பார். எனக்குத் தலைகால் புரியாது. அந்தப் பெருமையைத்தான் இன்றைக்கு நான் மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மையம் மாநகராட்சியுடையதே தவிர, அது நடப்பதற்கான ஒதுக்கீடு மாநில அரசின் ஒரு திட்டத்திலிருந்து வந்தது. திட்டத்துக்கு ஆயுள் ஓர் ஆண்டு. மார்ச் வந்தால் எங்கள் வார்டே கையைப் பிசையும். அடுத்த ஆண்டு உண்டா இல்லையா என்று தெரியாமல் ஒரு நாற்காலிகூட வாங்க முடியாது. தடுப்பூசி மருந்து வைக்க ஃபிரிட்ஜ் கேட்டபோது, ஃபிரிட்ஜ் நிரந்தரச் சொத்து, தற்காலிக மையத்துக்கு நிரந்தரச் சொத்து வாங்க விதியில்லை என்று பதில் வந்தது. அதனால் சிஸ்டர் தினமும் காலையில் சயானில் இருந்த மருந்துக் கிடங்குக்கு நடந்து போய், ஐஸ் அடைத்த நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். மழைக்காலத்தில் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது பெட்டி அவர் தலைமேல் ஏறிவிடும்.

சாஹேப் நல்ல மனிதர், கெட்டிக்காரரும்கூட. ஒவ்வொரு மார்ச்சிலும் எங்களை இரண்டு கோப்புகள் தயாரிக்க வைத்தார். ஒன்று, இந்த மையத்துக்கு நிலையான ஒதுக்கீடும் நிரந்தரப் பணியிடமும் வேண்டும், அதற்கு ஒரு கொள்கை முடிவு எடுங்கள் என்று கேட்கும் கோப்பு. மற்றது, அது கிடைக்கும்வரை இன்னும் ஓர் ஆண்டு நீட்டிப்பு கேட்கும் கோப்பு. சிக்கல் என்னவென்றால், தேவை தற்காலிகமானதுதான் என்று மையத்திலிருந்தே சான்று இணைத்தால்தான் நீட்டிப்பு கிடைக்கும். ஆக, முதல் கோப்பில் தாராவி இருக்கும்வரை இந்த மையம் வேண்டும் என்று உருகி உருகி எழுதுவேன். இரண்டாவதில் ஓராண்டில் தேவை தீர்ந்துவிடும் என்று எழுதுவேன். இரண்டும் ஒரே நாளில், ஒரே தபால் கட்டில் போகும். மேலே அவை வெவ்வேறு மேசைகளுக்குப் பிரிந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு மேசை மற்ற மேசையோடு பேசாது என்ற தைரியத்தில்தான் நாங்கள் காலம் தள்ளினோம்.

மராத்தியில் நான் எழுதும் அந்தச் சான்றில் சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் திருநெல்வேலிப் பக்கம் தமிழில் படித்து, நர்ஸ் பயிற்சி முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். ஹிந்தியும் மராத்தியும் சந்தில் யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடும் அளவுக்குப் பேசுவார். ஆனால் அவற்றில் வாசிப்பதென்றால் மருந்துப் பெயரும் பஸ் போர்டும்தான். முதல் ஆண்டு காகிதத்தை நீட்டியபோது, "என்ன மேடம் எழுதியிருக்கு?" என்று கேட்டார். விளக்க வாயெடுத்தேன். மையம் தேவையில்லை என்பது போன்ற ஒன்றில் அவரையே கையெழுத்துப் போடச் சொல்வதை எந்த முகத்தோடு விளக்குவது? "மையம் தொடர்ந்து நடக்கணும்னு எழுதியிருக்கு. இங்க போட்டா போறும்" என்றேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அவர் பைபிளில் பெயர் எழுதுவதுபோல நிதானமாக, முழுப் பெயரையும் தமிழில் எழுதினார். அடுத்த ஆண்டிலிருந்து அவர் கேட்கவே இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அவர் கேட்டதெல்லாம் வேறு ஒன்று. "பர்மனெண்ட் என்னாச்சு மேடம்?" நாற்பத்தைந்து வயது தாண்டினால் நிரந்தரம் ஆக முடியாது என்று ஒரு விதி இருந்தது. அவர் கணவருக்குத் தோல் பட்டறையில் ரசாயன நெடி ஏறி ஏறி மூச்சு கெட்டுப்போய், மாடிப்படி ஏறவே திணறினார். வீடு சிஸ்டர் கையில்தான் நின்றது. வயதான காலத்தில் ஒரு பென்ஷன், கணவரின் வைத்தியத்துக்கு ஊழியர்களுக்கான மருத்துவ அட்டை, இவ்வளவுதான் அவர் எதிர்பார்த்தது. "போயிருக்கு சிஸ்டர், வந்துடும்" என்பேன். முதல் கோப்பை மனதில் வைத்துத்தான் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது இரண்டாவது கோப்பு எனக்கு ஞாபகமே வராது. மனுஷ மனசு எவ்வளவு வசதியாக வேலை செய்கிறது.

இத்தனைக்கும் அவர் செய்தது தற்காலிகமான வேலையா? பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் பட்டறையில் ஒருவனுக்குக் காசநோய். முதலாளிக்குத் தெரிந்தால் துரத்திவிடுவான் என்று மாத்திரை வாங்க வரவே மாட்டான். சிஸ்டர் தினமும் டீக்கடையில் அவன் பக்கத்தில் போய் நின்று, மிச்சச் சில்லறை கொடுப்பதுபோல மாத்திரையைக் கையில் வைப்பார். அவன் டீயோடு முழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அவன் குணமாகி ஊருக்குப் போனான், வேறொருவன் இருமிக்கொண்டு வந்தான். பிறந்ததும் அவர் எடை பார்த்த பெண் குழந்தைகள் வளர்ந்து, தங்கள் தம்பி தங்கைகளை எடை பார்க்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் வார்டு ஆபீசில் உட்கார்ந்து, தேவை ஓராண்டில் தீரும் என்று பதினோரு முறை எழுதினேன்.

பிறகு எல்லாக் கோப்பும் கம்ப்யூட்டருக்கு மாறியது. மேலே யாரோ ஓர் அதிகாரி மையத்தின் பெயரைத் தட்டியிருக்கிறார். எங்கள் இரண்டு கோப்புகளும் முதல் முறையாக ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றிருக்கின்றன. பதில் இரண்டே பத்தி. மையத்தின் பணியாளரே பதினோரு ஆண்டுகளாகத் தேவை தற்காலிகமானது என்று எழுத்தில் உறுதி அளித்திருப்பதால், நிரந்தரப் பணியிடமோ நிலையான ஒதுக்கீடோ வழங்க முகாந்திரம் இல்லை. இனி அந்தக் கோரிக்கையை அனுப்ப வேண்டாம். நீட்டிப்பு தேவையானால் வழக்கமான சான்றை இணைத்து அனுப்பவும். சாஹேப் அதைப் படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். அப்புறம் வழக்கமான சான்றை டைப் செய்யச் சொன்னார். இல்லையென்றால் இந்த மாதத்தோடு மையத்தைப் பூட்ட வேண்டியதுதான். சிஸ்டருக்கு அப்போது நாற்பத்து நான்கு.

இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். பிற்பகல், மையத்தில் கூட்டமில்லை. சிஸ்டர் பஞ்சைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் பதிலை வாசித்தேன், மராத்தியில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. எதையும் விடவில்லை. 'மையத்தின் பணியாளரே' என்ற இடத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பணியாளர்னா யாரு மேடம்?"

"நீங்கதான், சிஸ்டர்."

"நானா எழுதிக் குடுத்தேன்?"

"நான் எழுதினேன். நீங்க சைன் பண்ணினேள். வருஷா வருஷம்."

பஞ்சு கிள்ளும் கை நின்றது. அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். 

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது. "சொல்லியிருந்தா போட்டிருப்பேளா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"போட்டுத்தான் இருப்பேன். போடாம எங்கன போக? இந்தப் பிள்ளையள யாரு பாப்பா?" பஞ்சு டப்பாவை மூடினார். "ஆனா தெரிஞ்சு போட்டிருப்பேன்."

இன்னொரு காகிதம் என் கையிலேயே இருந்தது. அதை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரே கையை நீட்டி வாங்கினார். "இதயும் வாசிங்க" என்றார். வாசித்தேன். ஓராண்டில் தேவை தீர்ந்துவிடும் என்பதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். வாசலில் ஒரு பெண் குழந்தையோடு வந்து நிற்க, "என்ன புள்ள, இன்னைக்கா வாரது?" என்று எழுந்து போனார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது முலுண்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் வங்கிக்குப் போய், உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு கையெழுத்து. பென்ஷன் பாட்டுக்கு வருகிறது. சிஸ்டர் இன்னும் அதே மையத்தில்தான் இருக்கிறார், இன்னும் தற்காலிகமாக. நாற்பத்தைந்து கடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தாராவியையே இடித்துக் கட்டப் போகிறார்கள், அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதால் இப்போது அந்தச் சான்று மேலே யாருக்கும் ஆச்சரியமாகக்கூட இருப்பதில்லை. என் நாற்காலியில் இருக்கும் இளைஞன் நல்ல பையன். முதல் மார்ச்சில் எனக்கு ஃபோன் செய்து, பழைய வாசகத்தை அனுப்ப முடியுமா மேடம், அதைவிட நன்றாக எனக்கு எழுத வராது என்றான். அனுப்பினேன். அனுப்பாமல் இருந்து யாருக்கு என்ன லாபம் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, அனுப்பினேன்.

ஆபீஸ் விட்ட பிறகுதான் சிஸ்டர் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. மார்ச் வந்தால் அந்தப் பையன் கொடுத்த காகிதத்தைப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கூடவே, "வாசிச்சுச் சொல்லுங்கக்கா" என்று குரலில் ஒரு செய்தி. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நானே எழுதிய வாசகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தமிழில் சொல்லி அனுப்புவேன். இந்த ஆண்டும் அனுப்பினேன். அரை மணி கழித்து பதில் வந்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"முழுசும் கேட்டேன்க்கா. போட்டுட்டேன்."