லுத்வினா எழுந்திருக்காத ஆட்டம்

லுத்வினாவின் இடது கால் அவள் பேச்சைக் கேட்காது. வயலின் காதில் விழுந்தால் போதும், பெஞ்சுக்கு அடியில் தானாகத் தட்டத் தொடங்கிவிடும். பதினெட்டு வயதில், டாட்ரா மலையடிவாரத்தில் அவளை ஆடவிடாத கல்யாணமே கிடையாது.

அங்கே களத்தில் ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான். ஆடுகிறவன் முதலில் வாத்தியக்காரர்கள் முன் நின்று தன் பாட்டைப் பாடவேண்டும். அந்த மெட்டை அவர்கள் வாங்கி வாசிப்பார்கள். பெண்ணை அவனே போய் அழைப்பதில்லை. அவன் சார்பில் இன்னொருவன் அவளைக் கூட்டிவந்து ஒரு சுற்றுச் சுற்றிக் களத்தில் விடுவான். ஆடி முடிக்கும்வரை வேறு எவனும் குறுக்கே வந்து பாடக்கூடாது. பாடினால் முகத்தில் துப்பியதற்குச் சமம்.

கிளிமெக் பாடினான்.

அவன் லுத்வினாவின் அண்ணன். களத்தில் ஆடிக்கொண்டிருந்தது அவளும் சோபெக்கும். புல் அறுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். எப்போதும் சோபெக்குக்காக அவளைக் கூட்டிவருகிறவன் கிளிமெக்தான். அன்று சோபெக் வேறொருவனை அனுப்பிவிட்டான். அந்தக் கோபமும் வோட்காவும் சேர்ந்துகொள்ள, ஆட்டத்தின் நடுவே வாத்தியக்காரர்கள் முன் போய் நின்று பாடினான்.

"போதும், எறங்குடா! செம்மறியாடுகூட இதைவிட நல்லா குதிக்கும்!"

நாலு பேர் சிரித்தார்கள். சோபெக்கின் கையில், மேய்ப்பர்கள் ஊன்றி நடக்கும் நீண்ட காம்புக் கோடாரி இருந்தது. ஒரே வீச்சு. வாத்தியம் நிற்பதற்குள் கிளிமெக் விழுந்துவிட்டான்.

சோபெக்குக்குப் பதினோரு வருடம் சிறை. லுத்வினாவைக் கேட்டு அதன்பிறகு யாரும் வரவில்லை. சரிவில் புல் அறுத்தாள், ஆடு கறந்தாள், பாலாடைக்கட்டியைப் புகையில் அடுக்கினாள். அப்பாவைப் புதைத்தாள். கிளிமெக்கின் தொப்பி சமையலறை ஆணியிலேயே தொங்கியது. ஈஸ்டருக்கு ஈஸ்டர் அம்மா அதைத் தூசி தட்டுவாள்.

சித்தப்பா வாவ்ஷெக்கின் மகள் கல்யாணத்துக்கு, விடுதலையான சோபெக் வந்தான். தலை நரைத்திருந்தது. நேரே வாத்தியக்காரர்கள் முன் போய் நின்று பாடினான். அதே பழைய பாட்டு. அவர்கள் வாசித்தார்கள். ஒருவனும் ஒரு பெண்ணைக் கூட்டிவரவில்லை. வெறும் களத்தைப் பார்த்து நின்றான். மறுபடி பாடினான்.

வாவ்ஷெக் லுத்வினாவிடம் வந்து குனிந்தார்.

"எந்திரிம்மா. நான் கூட்டிட்டுப் போறேன். நீ ஒரு சுத்து ஆடிட்டா ஊரு அவனைச் சேத்துக்கும்."

"ஆடலைன்னா?"

"யாரு வேலைக்குக் கூப்பிடுவா? யாரு சோறு போடுவா? அவன் ஊரை விட்டுத்தான் போகணும்."

பக்கத்தில் இருந்த அம்மா முட்டைக்கோஸ் சூப்பிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "ஆடணும்னா ஆடு. ஆடிட்டு நம்ம வீட்டுக்கு மட்டும் வந்துடாத."

லுத்வினா சோபெக்கைப் பார்த்தாள். அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அவனுக்காக என்னைக் கூட்டிட்டுப் போறது எங்க அண்ணன்தான், சித்தப்பா. அவனை வரச் சொல்லுங்க. எந்திரிக்கிறேன்."

மூன்றாம் முறையும் மெட்டு முடிந்தது. சோபெக் வாத்தியக்காரர்களுக்குத் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு வெளியே போனான். திங்கட்கிழமை சிலேசியாவின் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ரயில் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள்.

இரண்டு குளிர்காலம் கழித்துச் சவப்பெட்டியில் வந்தான். சுரங்கக் கூரை சரிந்ததாம். பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று அவன் தங்கையிடம் சொல்லியிருந்தார்கள்.

செத்தவனின் பாட்டைக் குழியருகே வாசிப்பது அங்கே வழக்கம். லுத்வினா உள்ளே போகவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, பால் தூக்கைப் பனியில் இறக்கி வைத்துவிட்டு நின்றாள். வயலின் ஒலி எழுந்தது. இடது கால் தட்டத் தொடங்கியது. வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்து மிதித்தாள். மெட்டு முடியும்வரை எடுக்கவில்லை.