ஹாரமின் தோளுக்கு ஒரு மலர்வளையம்

அந்த வெள்ளிக்கிழமை பல் மருத்துவர் பியோ கடைக்குள் நுழைந்ததும் நடந்த பேச்சு மல்சுன்னுக்கு இன்றும் வரி தவறாமல் நினைவிருக்கிறது.

“அக்கா, பன்னெண்டு மலர்வளையம் வேணும். சாவுக்கு வைக்கிறது. நாளைக்குக் காலைல.”

“அடக் கடவுளே, யாரு போயிட்டாங்க டாக்டர்?”

“நம்ம டீம்.”

மல்சுன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “எப்ப?”

“நேத்து, எட்டாவது இன்னிங்ஸ்ல. நீங்களும்தான் பாத்தீங்களே.”

“பாத்தேன். ஏழாவதுலயே மூச்சு நின்னு போச்சு டாக்டர். எட்டாவதுல துணியைப் போத்துனாங்க, அவ்வளவுதான். சரி, எங்க கொண்டாரணும்?”

“டீமை நடத்துற கப்பல் கம்பெனி வாசலுக்கு. முதலாளி காரை விட்டு இறங்குனதும் கண்ணுல படணும்.”

“ரிப்பன்ல என்ன எழுத?”

“‘மேனேஜர் மா தேசோக், வீட்டுக்குப் போ.’”

“பன்னெண்டுலயுமா? செத்தவங்களுக்கே நான் ஆளுக்கொரு வார்த்தை எழுதறவ. கொஞ்சம் யோசிங்க.”

பியோ யோசித்தார். “‘வாள்மீன்கள் மறைந்தன. கண்ணீர் அஞ்சலி.’”

“இது ஒண்ணு. இன்னொண்ணு நான் சொல்றேன், எழுதிக்கோங்க. ‘ஹாரமின் தோளே, இனியாவது இளைப்பாறு.’”

பியோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அக்கா, உங்களுக்குள்ள இவ்வளவு இருக்கா!”

“இருபது வயசுப் பிள்ளையைத் தினமும் பந்து போட வச்சா கல்லுக்கும் கவிதை வரும். அனுப்புறவங்க பேரு?”

“மொத்த ரசிகர்கள்னு போடுங்க. கூடவே உங்க கடை பேரையும் போட்டா விளம்பரமாச்சே?”

“வேணாம் வேணாம். கத்துறது நான். கடை கத்தாது.”

சாவுக்கு வைக்கும் வெள்ளைச் சாமந்தி மலர்வளையத்தைக் கோபத்துக்கும் அனுப்புவது இப்போது நாடு முழுக்கப் பழகிப்போன ஒன்று. தொலைக்காட்சி நிலையம், பள்ளிக்கூடம், கட்சி அலுவலகம் என்று எந்த வாசலில் கோபம் வந்தாலும் பூக்கடைக்காரர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் யோசு நகரத்தில் தன் சொந்தக் கோபத்தையே கட்டி விற்ற பூக்கடைக்காரி தாக் மல்சுன் ஒருத்திதான்.

ஐம்பத்தைந்து வயது. பேஸ்பால் மைதானத்தில் முதல் ‘பேஸ்’ என்னும் தளத்துக்குப் பின்னால், மேலேறும் படிக்கட்டை ஒட்டி, வலை மறைக்காத இருக்கை அவளுடையது. உள்ளூர் ஆட்டம் நடக்கும் நாட்களில் ஒரு பெட்டி பொரித்த கோழியும், முள்ளங்கி ஊறுகாயும், பீர் டப்பா இரண்டும் மடியில் இருக்கும். கோழி ஆறிப்போனாலும் அவள் வாய் ஓயாது. வாள்மீன்கள் அணியைப் பற்றி அவளிடம் இல்லாத கருத்தே கிடையாது. பிடிப்பாளனுக்கு வீட்டில் மனைவியோடு சண்டை என்றால் பந்தை வெளிப்பக்கமாகவே கேட்பான் என்பது ஒரு கண்டுபிடிப்பு. சியோலிலிருந்து வந்த எந்த இடக்கை ஆட்டக்காரனையும் நம்பக்கூடாது என்பது இன்னொன்று. மூன்றாம் தளக்காரன் முடிக்குச் சாயம் பூசிய மாதத்தில் தப்பவிட்ட பந்துகளை அவள் விரல் விட்டு எண்ணிக் காட்டுவாள். சாயத்துக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் அடுத்த இருக்கைக்கு மாறிப் போயிருக்கிறார்கள்.

மேனேஜர் மா எதைச் செய்தாலும் அவளுக்கு ஆகாது. மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தொட்டு உருட்டச் சொன்னால், “ஆம்பளையா நீ, அடிக்கச் சொல்லுய்யா!” என்பாள். அடிக்கச் சொல்லி மட்டையாளன் ஆட்டமிழந்தால், “தொட்டு வுட்டிருந்தா போதும், இதுகூடத் தெரியாதா?” என்பாள். இரண்டுக்கும் நடுவே மூச்சு விடும் நேரம்கூட இருக்காது. கணவர் கில்யோங் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

“தாவோன் அம்மா, போன பந்துக்கு நீ நேர்மாறாச் சொன்னியே?”

“போன பந்து வேற, இந்தப் பந்து வேற. உனக்குப் பந்துனா எல்லாம் ஒண்ணுதான்.”

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கருத்து மாறியதே இல்லை. ஆட்டம் இறுகும் நேரத்தில் பந்து வீசும் மேட்டுக்கு ஏறி வரும் இளம் பந்து வீச்சாளன் நாம் ஹாரமை மேனேஜர் தேய்த்து அழிக்கிறார் என்பது அது. நேற்றும் அவன், இன்றும் அவன், நாளையும் அவன். ஏழாவது இன்னிங்ஸ் முடிந்ததும் ஹாரம் கையைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தால், மல்சுன் கோழித் துண்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது தோளைத் தடவிக்கொள்வாள்.

சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு மலர்வளையங்களும் கம்பெனி வாசலில் நின்றன. முதலாளி பின்வாசல் வழியாக உள்ளே போனார். படம் எடுத்தவர்கள் எடுத்தார்கள். அன்று மாலை ஆட்டத்தில் வாள்மீன்கள் மறுபடியும் தோற்றார்கள். எட்டாவது இன்னிங்ஸில் வந்தவன் ஹாரம்தான்.

ஞாயிறு விடிவதற்குள் மேனேஜர் மாவின் தாயார் ஆஸ்பத்திரியில் காலமானார்.

செய்தி வந்ததும் மல்சுன் உள்ளபடியே வருந்தினாள். வருத்தத்தோடு கூடவே தொலைபேசியும் அடித்தது. ஆஸ்பத்திரியை ஒட்டிய இறுதிச்சடங்கு மண்டபத்துக்கு அருகிலிருக்கும் ஒரே பூக்கடை அவளுடையது. அணி நிர்வாகம், நகரமன்றம், மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர், கோழிக்கடைச் சங்கம் என்று ஆர்டர்கள் குவிந்தன. ஞாயிற்றுக்கிழமை பூச்சந்தை விடுமுறை. கடையில் இருந்த சாமந்தி ஆறு வளையத்துக்குக்கூடக் காணாது.

“கம்பெனி வாசல்ல பன்னெண்டு நிக்குது,” என்றாள்.

கில்யோங் அவளை நிமிர்ந்து பார்த்தார். “சியோ என்ன சொல்லிருக்காரு, மறந்துட்டியா?”

மறக்கவில்லை. மண்டபத்தின் பொறுப்பாளர் சியோ போன மாதம்தான் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு சாவுக்கு வைத்த பூவை இன்னொரு சாவுக்குக் கொண்டுவந்தது தெரிந்தால், அவர்களுடைய வண்டி இனி அந்த வாசலைத் தாண்டாது. ஊரில் பாதிப் பூக்கடைகள் இப்படித்தான் பிழைக்கின்றன என்பது அவருக்கும் தெரியும், ஆனால் பிடிபடுவது ஒருத்திதானே. அந்த வாசல் மூடினால் கடைக்கும் பூட்டுதான். கல்யாணத்துக்குப் பூ வாங்குகிறவர்கள் பெரிய கடைத் தெருவுக்குப் போய்விடுவார்கள்.

“அது ஒண்ணும் சாவுக்கு வச்ச பூ இல்லியே,” என்றாள் மல்சுன். “டீம் இன்னும் உயிரோடதான் இருக்கு. மதியம் ரெண்டு மணிக்கு ஆட்டம்.”

கில்யோங் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டையும் ஏற்றி வந்தார். சாமந்திக்கு ஒரு நாள் வெயில் ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு ரிப்பன்: இடப்பக்கம் அனுப்பியவர் பெயர், வலப்பக்கம் இரங்கல் வார்த்தை. பழைய இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிய இரண்டைக் குத்த வேண்டும். மல்சுன் அதைக் கண்ணை மூடிக்கொண்டே செய்வாள். அன்று கண்களைத் திறந்துதான் வைத்திருந்தாள், ஆனால் அவை தொலைக்காட்சியின் மேல் இருந்தன.

மேனேஜர் துக்க வீட்டில் இருந்ததால் உதவி மேனேஜர் அணியை நடத்தினார். வாள்மீன்கள் ஒரு ஓட்டம் முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கியது. கையைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தவன் ஹாரம்.

“டேய்!” கத்தரிக்கோல் தொலைக்காட்சிப் பெட்டியின் காலருகே போய் விழுந்தது. “அந்த மேனேஜர் மைதானத்துலயே இல்லை, அப்பவும் இவனையா அனுப்புறீங்க? உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லியா?”

“தாவோன் அம்மா, நேரமாச்சு, ஏத்தணும்.”

“ஏத்து, ஏத்து! அந்தப் பிள்ளை தோளையும் சேத்து ஏத்து!”

வண்டி போனது. ஹாரம் மூன்று பேரையும் வீழ்த்தினான், வாள்மீன்கள் வென்றார்கள். மல்சுன் கோபமும் ஆனந்தமுமாக மேசையைத் துடைக்கப் போனாள். அங்கே ஒரு புது ரிப்பன் குத்தப்படாமல் கிடந்தது: ‘ஆழ்ந்த இரங்கல்.’

ஒரு வளையம் பாதி மாறி, பாதி மாறாமல் போயிருக்கிறது. எது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ரிப்பனைச் சுருட்டிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினாள்.

மண்டபத்தில் சியோ வளையங்களை எப்போதும் அந்தஸ்து வரிசையில்தான் நிறுத்துவார். மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் பெரிய மனிதர். அதனால் அவருடைய வளையம் வாசலுக்கு மிக அருகில், உள்ளே வருபவர் முகத்தில் இடிப்பதுபோல நின்றது. இடப்பக்க ரிப்பனில் அவர் பெயர். வலப்பக்க ரிப்பனில் மல்சுன்னின் அழகான எழுத்தில், ‘ஹாரமின் தோளே, இனியாவது இளைப்பாறு.’

தலைவரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். பத்திரிகைக்காரன் ஒருவன் அவரிடம் கேட்டான், “ஐயா, இப்படி ஒரு இடத்துல இதை எழுதணும்னு ஏன் தோணிச்சு?”

தலைவர் ரிப்பனை ஒருமுறை படித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “அந்தத் தம்பியோட தோளைப் பத்தி நான் ரொம்ப நாளாவே கவலைப்பட்டுட்டு வரேன்.”

பத்திரிகைக்காரன் குறித்துக்கொண்டான். தலைவர் உள்ளே போய், துக்கத்துக்கு வருபவர்களுக்குப் பரிமாறும் காரமான மாட்டுக்கறிச் சூப்பின் முன்னால் உட்கார்ந்தார்.

ஆள் நகர்ந்ததும் மல்சுன் வளையத்தின் பின்பக்கமாக நுழைந்து ஊசியைத் தேடினாள். முதல் ஊசி கழன்றபோது தோளருகே சியோவின் குரல் கேட்டது.

“என்னம்மா இது?”

“ரிப்பன் மாறிப் போச்சு சார். எழுத்துப் பிழை.”

“எழுத்துல பிழை ஒண்ணும் தெரியலையே. இதே ரிப்பன நேத்து டிவியில பாத்தேன். கம்பெனி வாசல்ல.” சியோ ஒரு சாமந்தி இதழைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தார். “இதே பூவையும் பாத்தேன்னு நினைக்கிறேன்.”

மல்சுன் புது ரிப்பனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“நாளையிலிருந்து உங்க வண்டி…” என்று சியோ ஆரம்பித்தார்.

“அது நான் கேட்டு வாங்கினது.”

கறுப்பு உடையும் கையில் துக்கப் பட்டையுமாக மேனேஜர் மா தேசோக் வாசலில் நின்றார். தொலைக்காட்சியில் தெரிவதைவிடக் குள்ளம். கண்ணிரண்டும் வீங்கியிருந்தன. “எங்கம்மா கடைசியாக் கேட்டது இதுதான். டிவி முன்னாடி உக்காந்து தினம் கத்துவாங்க, அந்தப் பிள்ளையை அனுப்பாதடான்னு. அம்மாவுக்காகத்தான் எழுதச் சொன்னேன். அப்படியே நிக்கட்டும்.”

துக்கத்தில் இருப்பவரோடு யாரும் வாதாடுவதில்லை. சியோ இடுப்பு வளைய வணங்கிவிட்டு உள்ளே போனார். வாசல் தப்பியது. மல்சுன் கழற்றிய ஊசியைத் திரும்பக் குத்தினாள்.

“மேனேஜர் சார், நான் வந்து…”

“உங்க குரல் எனக்குத் தெரியும்,” என்றார் மா. “முதல் தளத்துக்குப் பின்னாடி, படிக்கட்டுப் பக்கம். எட்டு வருசமாக் கேட்டுட்டு இருக்கேன். வாங்க.”

சிகரெட் பிடிக்கும் மூலைக்கு இருவரும் நடந்தார்கள். அவர் பற்றவைக்காமலே சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டார்.

“அக்கா, வியாழக்கிழமை எட்டாவது இன்னிங்ஸ். நீங்க என் இடத்துல இருக்கீங்க. யாரை அனுப்புவீங்க?”

மல்சுன் யோசிக்கவே இல்லை. “யூன்.”

“யூனுக்கு முழங்கையில நீர் கோத்துருக்கு. வெளிய சொல்லல.”

“அப்ப பேக்.”

“பேக் ரெண்டு நாளா வயித்தைப் பிடிச்சுட்டு கக்கூஸ்ல இருக்கான். அதையும் வெளிய சொல்லல.”

“அந்த இடக்கைக்காரன் இருக்கானே, சியோல்ல இருந்து வந்தானே, சோ!”

“அனுப்பினேன். ஏப்ரல்ல. நீங்க எந்திரிச்சு நின்னு, ‘இவனை மீன் விக்க அனுப்புய்யா’ன்னு கத்துனீங்க. மைதானம் பூரா சிரிச்சுது. அதுக்கப்புறம் அவன் கை பந்தையே பிடிக்க மாட்டேங்குது.”

மல்சுன் மண்டபத்துச் சுவரைப் பார்த்தாள். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை.

“அவ்வளவுதானா? வேற ஆளே இல்லியா?”

“இல்ல. பந்து போட இன்னும் ரெண்டு பிட்சர் வாங்கித் தாங்கன்னு ரெண்டு வருசமாக் கேக்குறேன். கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கணும்னாரு முதலாளி. பெயின்ட் அடிச்சாச்சு, பிட்சர் வரல. நான் வாயைத் திறந்தா அன்னைக்கே வெளிய. அதான் ஹாரம்.”

உள்ளே யாரோ புதிதாக வந்து விழுந்து வணங்கும் சத்தம் கேட்டது. மா சிகரெட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். துக்கப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, ஒரு உதவி செய்யணும். அம்மா காரியம் முடியட்டும். அப்புறம் கம்பெனி வாசலுக்கு இன்னொரு பன்னெண்டு அனுப்புங்க. என் பேர் எங்கயும் வரக்கூடாது. ‘முதலாளி, ரெண்டு பிட்சர் வாங்கிக் கொடுங்க’ன்னு பெரிசா எழுதுங்க, பின்வாசல்லயும் நிறுத்துங்க. அப்புறம், அக்கா… இந்தத் தடவை பூ மட்டும் புதுசா இருக்கட்டும்.”