துடைத்து அனுப்பிய கண்ணாடி

தொண்டைச் சளி தடவிய கண்ணாடித் துண்டை ஸ்பிரிட்டில் போடாமல் காயவிட்டு யாராவது கொண்டுவந்தால் எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வரும். நான் வேலை பார்க்கும் கள்ளக்குறிச்சி லேபில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். இருக்கட்டும். அந்தக் கோபத்தில் பாதி என் மாமாமேல். மீதி, பாவாடை கட்டிய பத்து வயதுக் கழுதை ஒன்றின்மேல். அது நான்தான்.

அப்பா கல்வராயன் மலையில் மரவள்ளி லோடு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. இந்தச் சரிவில் நின்று அவர் கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் இருப்பவன் மூட்டையைத் தூக்குவான். அந்தக் குரல் மூன்று மாதம் கரகரத்து, கடைசியில் வெறும் காற்றாக வந்தது. மிளகுக் கஷாயம் குடித்தார், பீடியை மட்டும் விடவில்லை. மலைப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் என்று கேள்விப்பட்ட அம்மா, தன் தம்பியையும் என்னையும் காவலுக்கு அனுப்பி அவரைப் போகவைத்தாள்.

டாக்டர் அப்பாவின் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல்வளையில் பஞ்சுக் குச்சியால் ஒற்றி, இரண்டு கண்ணாடித் துண்டுகளில் தடவி, ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதி, ஸ்பிரிட் பாட்டிலில் போட்டார்.

"இன்னைக்கே கள்ளக்குறிச்சி லேப்ல குடுத்துடுங்க. கேன்சர் செல் இருக்குதான்னு பாக்கணும்" என்றார். செல்கள் கெடாமல் இருக்கத்தான் ஸ்பிரிட் என்று அந்த மனுஷன் சொல்லவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

லாரி காத்திருக்கிறதென்று அப்பா வேலைக்குப் போய்விட்டார். நான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மாமாவின் வண்டியில் ஏறினேன். அடிவாரத்தில் சாராயம் பிடிக்கும் சோதனைச் சாவடி. மாமா ஒருமுறை அங்கே கேனோடு மாட்டிப் பதினைந்து நாள் உள்ளே இருந்தவர். சாவடிக்கு ஒரு வளைவு முன்பே வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா இது, சரக்காட்டம் நாறுது! இத எடுத்துக்கினு போனா மாமன வுடுவானுங்களா?"

"டாக்டர் குடுத்தாருன்னு சொல்லு மாமா."

"நான் சொன்னா எவன் நம்புவான்?"

ஸ்பிரிட்டைப் பாறையில் கொட்டினார். கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்காகக் கொடுத்தால் லேபில் திட்டுவார்கள் என்று ஒன்றைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார். நான் வாயால் ஊதி, பாவாடையில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. பென்சில் எழுத்து அழியாமல் துடைத்ததற்கு மாமா என்னைக் கெட்டிக்காரி என்று வேறு மெச்சினார். சாவடியில் எங்களை யாரும் நிறுத்தவே இல்லை. லேபிலும் யாரும் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மாமா ரிப்போர்ட் வாங்கிவந்தார். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படித்த ஒரே ஆள் நான். முதல் வரி சுலபம்: புற்றுநோய் செல்கள் காணப்படவில்லை. தமிழில் சொன்னதும் அம்மா அழுதேவிட்டாள்.

"கீழ இன்னா போட்டுக்கிது?" என்று காற்றுக் குரலில் கேட்டார் அப்பா.

கீழே இரண்டு வரி, நீளநீளமான வார்த்தைகள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"அதயேதாம்பா திருப்பி எழுதிக்கிறாங்க" என்றேன்.

கண்ணாடியில் செல்களே இல்லை, மறுபடி எடுத்து அனுப்பவும் என்று எழுதியிருந்தது, பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

யாரும் மறுபடி எடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து மூச்சுவிட முடியாமல், கழுத்தில் ஓட்டை போட்டும் பிழைக்காமல், அப்பா போனார். சாவு வீட்டில் மாமா லேப்காரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்தானுங்களே, பாவிங்க என்றார். அன்றைக்கு நானும் அவரோடு சேர்ந்து திட்டினேன்.

ரிப்போர்ட் வந்த அன்று அப்பா என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய், அவருடைய ஆட்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டச் சொன்னார். துடைத்த கண்ணாடியில் எந்தச் செல்லும் இருக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை. அவருக்குக் குரல் இல்லையே என்று, அந்த முதல் வரியை மட்டும் கடை முழுக்கக் கேட்கும்படி நான்கு தடவை கத்திப் படித்தேன்.