ஷிப்ட் முடிந்து வரும் பேருந்தில் ஒரு மாதிரித் தேர்வு

இன்று காலை ஓசூரிலிருந்து கெலமங்கலம் பேருந்தில், எங்கள் தெரு ஷபானா தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தார். கைபேசியில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கான மாதிரித் தேர்வு.

பக்கத்தில் நின்ற, அவருடைய உற்பத்தி லைனை மேற்பார்க்கும் லைன் லீடர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, கேள்விய தாண்டித் தாண்டிப் போற? ஒன்னும் தெரியலையா?”

“தப்பாப் போட்டா மார்க் போயிடும் சார். லைன்ல டவுட்டான பீஸை ஓரமா எடுத்து வெக்கிறோம்ல? அப்படித்தான். டைம் இருந்தா திரும்பி வருவேன்.”

“ஷிப்ட்டும் பாத்துக்கிட்டு இதெல்லாம் ஆகாதும்மா. வேலைய விடு, இல்ல பரீட்சைய விடு.”

ஷபானா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கேள்விய மட்டும்தான் சார் விடுவேன்.”



ஆகாது என்று சொல்ல இன்னும் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். தேர்வு முடிந்ததும் ஷபானாவிடம் காட்டுகிறேன்.